நிச்சயதாம்பூல அவையில் நண்பனின் சொல்

மங்கல வேளையிலே சொல்லப்படும் சொல்லுக்கு மற்றைய வேளைச் சொற்களுக்கு இல்லாத ஒரு வலி உண்டு என்பது நம் முன்னோர் கொள்கை. ஏடு தொடக்கும்போதும், ஏர் பூட்டும்போதும், புதுமனை புகும்போதும், மணவறையிலும் இன்ன சொல் சொல்லத்தக்கது, இன்ன சொல் தவிர்க்கத்தக்கது என அவர்கள் வரையறை செய்துவைத்தனர். அவ்வரையறைக்குள் அடங்காத புதிய சந்தர்ப்பம் ஒன்று இக்காலத்தில் நம்மவர் இல்லங்களிலே தோன்றியிருக்கின்றது. விவாக நிச்சயத்தின்போது தாம்பூலத் தட்டங்கள் கைமாறி, மோதிரமும் இடப்பட்டபின், மாப்பிள்ளையின் தோழன் ஒருவன் எழுந்து நின்று நாலு வார்த்தை பேசுதலே அது. ஆங்கிலேயர் இதனை ‘ரோஸ்ற்’ என்பர். கிறிஸ்தவ அன்பர் இல்லங்களிலே நெடுநாளாக இருந்துவந்த இவ்வழக்கம், கொழும்பு மண்டபங்களிலும் இலண்டன், ரொறன்ரோ முதலிய நகரங்களில் வாழும் நம்மவர் மத்தியிலும் பரவி, இன்று யாழ்ப்பாணத்துக் கிராமத்துப் பந்தல்களுக்கும் வந்துவிட்டது.

இதனைக் கண்டு சிலர் மகிழ்கின்றனர். சிலர் முகஞ் சுளிக்கின்றனர். மகிழ்வோர் அதனை வந்தபடியே கொள்கின்றனர். சுளிப்போர் அந்நிய வழக்கென ஒதுக்குகின்றனர். இவ்விரு சாராருக்கும் இடையில் நின்று ஒரு கருத்தைச் சொல்ல விரும்புகின்றேன். விவாக நிச்சயத்தில் நண்பன் சொல்லும் வாழ்த்து ஒரு சாட்சியம். ஆதலின் அஃது உண்மையாக இருத்தல் வேண்டும் என்பதே அக்கருத்து. ஏனையவெல்லாம் இதன்பின் வருவன.

முதற்கண் அவ்வழக்கத்தின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். ‘ரோஸ்ற்’ என்னும் சொல்லின் நேர்ப்பொருள் வாட்டிய பாண் என்பதே. முற்காலத்தில் இங்கிலாந்தில் வாட்டிய பாண் துண்டொன்றைச் சுவை கருதி மதுக்கிண்ணத்தில் இட்டு அருந்தினர். அச்சொல் ஒருவரைப் பாராட்டிக் குடித்தலைக் குறிக்க வந்த கதையை 1709 ஆம் ஆண்டில் இலண்டனில் வெளிவந்த ‘ரற்லர்’ என்னும் பத்திரிகை கூறுகின்றது. பாண் மதுவுக்குச் சுவை சேர்ப்பதுபோல, பாராட்டப்படுபவரின் பெயர் விருந்துக்குச் சுவை சேர்க்கின்றது என்பது கருத்து. ஆங்கிலக் கல்வியோடு இவ்வழக்கமும் நம் நாட்டுக்கு வந்தது. பழைய மாணவர் இராப்போசனங்களிலே கல்லூரியின் நலம் பாராட்டிக் கிண்ணம் உயர்த்தும் மரபை இம்மலரைப் படிக்கும் மூத்த அன்பர் பலர் அறிவர்.

கிண்ணத்தில் மது இருப்பதனாலேயே சைவ நன்மக்கள் இதனை வெறுத்தனர். அவ்வெறுப்பில் நியாயமும் உண்டு. கள்ளுண்ணாமைக்கு வள்ளுவர் ஓர் அதிகாரம் வகுத்தார். நாவலர் பெருமானும் தம் நான்காம் பாலபாடத்திலே கள்ளுண்ணலைக் கொலை, களவு முதலியவற்றோடு ஒருங்கு வைத்துக் கண்டித்தார். ஆயினும், கிண்ணத்தை அகற்றிவிட்டால் எஞ்சி நிற்பது யாது என்று பார்த்தல் வேண்டும். ஒரு நண்பன் அவையின் நடுவே எழுந்து, “இவனை நான் அறிவேன், இவன் நலமுற வாழ்க” என்று சொல்வதே எஞ்சி நிற்பது. இதில் அந்நியம் யாது? பழியத்தக்கது யாது? இளநீரோ பழரசமோ கையிலிருப்பினும், கை வெறுமையாயிருப்பினும், அச்சொல் அச்சொல்லே.

இத்தகைய வாழ்த்துச் சொல் தமிழர்க்குப் புதியதன்று. நல்லாவூர் கிழார் பாடிய அகநானூற்று 86 ஆம் பாட்டு, ஈராயிரம் ஆண்டுகளுக்கு அணித்தான பழைமையுடைய ஒரு தமிழ்க் கலியாணத்தை நம் கண்முன் நிறுத்துகின்றது. அங்கே உழுந்து கலந்த பொங்கல் உண்டு. மணல் பரப்பிய பந்தர் உண்டு. விளக்கும் மாலையும் உண்டு. மக்களைப் பெற்ற மங்கல மகளிர் நால்வர் கூடிப் பூவும் நெல்லும் இட்ட நீரை மணமகள்மேற் சொரிந்து வாழ்த்துகின்றனர். அவர்கள் சொன்ன வாழ்த்து எவ்வளவு பெரியது? ஒரே ஒரு வாக்கியம். கற்பு வழுவாது, நல்லன பல உதவி, கொண்டவன் விரும்பும் துணையாகுக என்பதே அதன் கருத்து. அந்நால்வரும் தாம் வாழ்ந்து கண்டதைத் தம் வாழ்த்தாகச் சொன்னார்கள். இன்றும் நாம் மணவறையில் அறுகரிசி தூவி வாழ்த்துகின்றோம். நெல் அரிசியாகவும் பூ அறுகாகவும் மாறினவே அன்றி, மரபு மாறவில்லை. ஆனால் அந்த ஒரு வாக்கியத்தை எங்கோ கைதவறவிட்டு, அரிசியை மாத்திரம் கையிற் பிடித்துக்கொண்டிருக்கின்றோமோ என்பது என் ஐயம்.

விவாகத்துக்கும் விவாக நிச்சயத்துக்கும் இடையே உள்ள வேறுபாட்டை இவ்விடத்திற் கருதுதல் வேண்டும். தாலி ஏறியபின் சொல்லப்படும் வாழ்த்து, முடிந்த காரியத்துக்கு உரிய வாழ்த்து. நிச்சயத்திலோ காரியம் முடியவில்லை. இரு குடும்பங்கள் வாக்குக் கொடுத்திருக்கின்றன, அவ்வளவே. விவாக வாக்குறுதி எழுத்தில் இல்லையேல் அதை மீறியமைக்கு வழக்கிட முடியாது என்பது 1907 ஆம் ஆண்டின் விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின் விதி. சட்டம் எழுத்தை நம்புகின்றது. நம் சபையோ இன்றும் சொல்லை நம்புகின்றது. பெண்ணைப் பெற்றவர் அன்றைய தினத்தில் அவையில் நிகழும் ஒவ்வொன்றையும் உற்று நோக்கிக்கொண்டிருப்பர். மாப்பிள்ளையைப்பற்றி அவர் அறிந்தவை பெரும்பாலும் கேள்வியே. அவனுடைய தாய் தந்தையர் சொன்னவை உண்டு. கலியாணம் பொருத்தியவர் சொன்னவை உண்டு. சாதகக் குறிப்பு உண்டு. இவர்களுள் எவரும் தம் பக்கம் சாராதவரல்லர். நண்பன் ஒருவனே அங்கு கைம்மாறு கருதாது பேசுகின்றவன். சீதனத்தால் அவனுக்கு வருவதும் இல்லை, போவதும் இல்லை.

ஒல்லாந்தர் ஆட்சியில் 1707 ஆம் ஆண்டிலே தொகுத்து எழுதப்பட்ட தேசவழமை, சீதனம், முதுசொம், தேடிய தேட்டம் என நம் மக்களின் உடைமைகளை வகுத்துக் கூறுகின்றது. காணியும் நகையும் உறுதியில் எழுதப்படும். மாப்பிள்ளையின் குணத்தை எந்த நொத்தாரிசு எந்த உறுதியில் எழுதுவார்? அதை எழுதாத உறுதியாகச் சொல்லவேண்டியவன் அவனுடைய நண்பனே.

இக்காலத்தில் இந்தச் சாட்சியத்தின் பெறுமதி மேலும் உயர்ந்துவிட்டது. முற்காலத்தில் மாப்பிள்ளை அயற்கிராமத்தவனாயிருப்பான். அவனுடைய பேரன் காலத்து நடத்தையும் பெண்வீட்டாருக்குத் தெரிந்திருக்கும். 1983 ஆம் ஆண்டின் பின் நம் மக்கள் உலகெங்கும் சிதறினர். இன்று சூரிச்சில் இருப்பவனுக்குச் சுன்னாகத்தில் பெண் நிச்சயமாகின்றது. மாப்பிள்ளையைப் பெண்வீட்டார் கைத்தொலைபேசித் திரையிலே கண்டிருப்பர். சில வேளைகளில் நிச்சயதாம்பூலமே திரை வழியாக நிகழ்கின்றது. அவ்வீட்டில் ஒருவரேனும் அவன் சினந்து கண்டதில்லை. நோயிற் கிடந்து கண்டதில்லை. கைப்பணம் இல்லாத நாளில் அவன் எவ்வாறு நடந்தான் என்பதும் அறியார். விடுதிச் சாலையில் அவனோடு ஒரே பாயில் உறங்கிய தோழன் இவையெல்லாம் அறிவான். அத்தகையவன் எழுந்து பேசும்போது பெண்ணின் தந்தை செவி சாய்க்கின்றார். அந்தச் செவிக்கு நாம் இடுவது யாது?

பெரும்பாலும் மூன்று வகைப் பேச்சுக்களைக் கேட்கின்றோம். முதலாவது, பட்டங்களையும் பதவிகளையும் அடுக்குதல். இவை அழைப்பிதழிலேயே உள்ளன. நண்பன் எழுந்து சொல்லத் தேவையில்லை. இரண்டாவது, நகைச்சுவை என்ற பெயரால் மாணவப் பருவத்துக் குறும்புகளையும் பழைய காதற் கதைகளையும் அவைக்கு விளம்புதல். இளைஞர் சிரிப்பர், பேசியவனும் தான் வென்றதாக எண்ணி அமர்வான். பெண் தலை குனிந்திருப்பதையும் அவள் தாயின் முகம் வாடியதையும் அவன் கவனியான். அவளைப் பொறுத்தவரை அது சிரிப்பதற்குரிய செய்தியாக இல்லை. அன்றிரவு உறக்கத்தைக் கெடுக்கும் செய்தி. அவையறிதல் என ஓர் அதிகாரமே குறளில் இருப்பது இத்தகையோர்க்காகவே.

மூன்றாவது வகை தமிழாசிரியர்களாகிய எம்மோடு தொடர்புடையது. மணவிழாக்களில் நண்பர்கள் வாழ்த்துப்பா அச்சிட்டு, கண்ணாடிச் சட்டமிட்டு, இராகத்தோடு படித்துக் கொடுக்கும் வழக்கம் நம் நாட்டில் நெடுங்காலமாக உண்டு. அது நல்ல வழக்கமே; எத்தனையோ கிராமத்துப் புலவர்களை அது வாழவைத்தது. ஆனால் அவ்வாழ்த்துப்பாக்கள் பலவற்றில் மாப்பிள்ளை கல்வியிற் கடல், கொடையிற் கர்ணன், அழகில் மதனன், மணமகளோ இலக்குமி. பெயரை மாற்றினால் ஒரே பாட்டு அடுத்த கலியாணத்துக்கும் பொருந்தும். எவருக்கும் பொருந்துவது ஒருவரையும் புகழ்வதாகாது. வாழ்த்துப்பா வேண்டி வருவோரிடம், “உங்கள் நண்பர் செய்த காரியம் ஒன்றைச் சொல்லுங்கள்” என்று கேட்பது என் வழக்கம். உத்தியோகத்தைச் சொல்வர், சம்பளத்தையும் சொல்வர், ஒரு காரியத்தைச் சொல்லச் சொன்னால் ஒருவரையொருவர் பார்ப்பர். சிறிது நேரம் சென்றபின் ஒருவர் மெல்ல ஏதோ ஒன்றைச் சொல்லத் தொடங்குவார். பாட்டுக்குரிய பொருள் அதுவே.

நான் கேட்ட நிச்சய வாழ்த்துரைகளுள் சிறந்த ஒன்றைச் சொல்கின்றேன். அது 2011 ஆம் ஆண்டில், வடமராட்சியில் ஒரு வீட்டு முற்றத்தில் நிகழ்ந்தது. பேசியவர் மேடை ஏறிப் பழகியவரல்லர். துவிச்சக்கரவண்டி திருத்தும் கடை வைத்திருப்பவர். மாப்பிள்ளையோ பட்டதாரி. இருவரும் ஒரே வகுப்பிற் படித்தவர்கள். அவர் எழுந்து பெரியோரை வணங்கி, 1995 ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30 ஆந் திகதி இரவு நிகழ்ந்ததைச் சொன்னார். வலிகாமத்து மக்கள் அனைவரும் வீடுவாசல் விட்டுத் தென்மராட்சி நோக்கிச் சென்ற இரவு அது. நாவற்குழிப் பாதையிலே அடி வைக்க இடமில்லை. தம் பாட்டியார் நடக்க இயலாது வழியில் அமர்ந்துவிட்டதாகவும், மாப்பிள்ளை தம் துவிச்சக்கரவண்டியிற் கட்டியிருந்த சொந்தப் பொதியை இறக்கி வைத்துவிட்டு, அம்மூதாட்டியை அதில் இருத்திச் சாவகச்சேரி வரை உருட்டிச் சென்றதாகவும் கூறினார். அப்பொதியில் அவருடைய புத்தகங்கள் இருந்தன. “இன்றுவரை அவர் இதை ஒருவருக்கும் சொன்னதில்லை, அதனால் நான் சொன்னேன். இருவரும் நன்றாயிருக்கவேண்டும்” என்று முடித்து அமர்ந்தார்.

அப்பேச்சு மூன்று நிமிடத்துக்கு மேற் செல்லவில்லை. அதில் உவமை இல்லை, மேற்கோள் இல்லை. அவையிலிருந்த பலர் அவ்விரவைத் தாமும் கடந்து வந்தவராதலின் ஒருவரும் பேசவில்லை. பெண்ணின் தந்தையார் எழுந்து வந்து பேசியவரின் கையைப் பற்றிக்கொண்டார். பட்டமும் பதவியும் சாதகமும் சொல்லாத ஒன்று அன்று அவருக்குத் தெரியவந்தது. தம் மகள் முதுமையிலும் நோயிலும் கைவிடப்படாள் என்பதற்கு அவருக்கு வேறு எந்த உறுதி வேண்டும்?

இங்கே ஒரு வினா எழும். நண்பனிடம் சொல்லத்தக்க நன்மை இல்லாதிருப்பின், அல்லது மறைக்கப்பட்ட குறை ஒன்று இருப்பின், என் செய்வது? மங்கல வேளையில் உண்மையை இழுத்து வந்து விருந்தைக் கெடுக்கலாமா என்று சிலர் கேட்பர். கெடுத்தல் ஆகாது, அவையில் நண்பனை நாணச் செய்தல் நட்பாகாது. ஆனால் பொய் சொல்லுதலும் ஆகாது. மாப்பிள்ளை குடிப்பழக்கத்துக்கு அடிமை என்பதை அறிந்த தோழன், “ஒழுக்கத்தின் உறைவிடம்” என்று அவனை அவையிலே புகழ்வானாயின், அறியாத பெண்ணொருத்தியை அவன் பாழ்ங்கிணற்றுக்கு வழிகாட்டுகின்றான். பிற்காலத்தில் அவள் கண்ணீர் வடிக்கும்போது, “அன்று அவ்வாறு சொன்னீர்களே” என்று அவள் கேட்டால் அவன் யாது விடை சொல்வான்?

நம் இலக்கணநூல் இதற்கு வழி காட்டுகின்றது. தொல்காப்பியச் செய்யுளியலிலே வாழ்த்து ஒரு வகையாகக் கூறப்படவில்லை. வழிபடு தெய்வத்தின் காவலோடு குற்றமற்ற செல்வமும் வழித்தோன்றலும் பெற்று விளங்குக என்பது புறநிலை வாழ்த்து. வேம்பும் கடுவும்போல முதலிற் கைத்துப் பின்னர் நன்மை தருவதாகிய சொல் வாயுறை வாழ்த்து. கைக்கும் சொல்லையும் ‘வாழ்த்து’ என்றே பெயரிட்ட பெருமை தமிழுக்கு உரியது. வள்ளுவரும் நட்பு என்னும் அதிகாரத்திலே, நண்பன் எல்லை கடக்கும்போது முன்சென்று கண்டித்தலையே நட்பின் நோக்கமாகக் கூறினார். ஆகவே நண்பனின் கடமை இருவகைப்படும். வாயுறை வாழ்த்தைப் பேச்சுக்கால் ஊன்றுமுன் தனிமையிலே நண்பனுக்குச் சொல்லுதல் வேண்டும். “மறைக்காதே, பெண்வீட்டாருக்குச் சொல், அல்லது திருந்தியபின் மணம் முடி” என்று இடித்துரைத்தல் வேண்டும். அவன் கேட்டுத் திருந்தினால் புறநிலை வாழ்த்தை அவையிலே மகிழ்ந்து சொல்லலாம். கேளானாயின், பேச வருமாறு அழைத்தபோது மறுத்துவிடுதல் வேண்டும். பேச மறுத்தலும் சில வேளைகளில் நட்பின் கடனே.

மற்றொன்றும் சொல்லுதல் வேண்டும். நிச்சய அவைகளிலே மாப்பிள்ளையின் தோழர் பேசுகின்றனர். மணமகளின் தோழி பேசக் கேட்டல் அரிதாயிருக்கின்றது. பெண்ணை எல்லாரும் பார்த்தாயிற்று, இனி அவளைப்பற்றிச் சொல்ல என்ன உண்டு என்று எண்ணுகின்றனர் போலும். அவளும் ஒரு கல்லூரியிற் படித்தவளே. அவளுக்கும் பன்னிரண்டு ஆண்டு ஒரே வாங்கில் அமர்ந்த தோழியர் உளர். அகநானூற்றுக் காலத்துப் பந்தரிலே வாழ்த்தெடுத்தவர் பெண்களே என்பதை மேலே கண்டோம். ஆதலின் மாப்பிள்ளை வீட்டார் தாமே முன்வந்து, “பெண்ணின் தோழியும் இரண்டு வார்த்தை சொல்லட்டும்” என்று கேட்டல் நாகரிகமாகும். சாட்சியம் இரு பக்கத்தாலும் வருதல்தானே முறை?

நம் கல்லூரியின் இளைய மாணாக்கரும் ஒரு காலத்தில் தம் நண்பருக்காக இவ்வாறு எழுந்து நிற்பர். அவர்க்குச் சில சொல்வேன். முதலில் அவையடக்கம்: இரு வீட்டுப் பெரியோரையும் வணங்கித் தொடங்குக, பெண்வீட்டாரை முன்னர் விளித்தல் பண்பு. நண்பனை எவ்வளவு காலம், எவ்வாறு அறிவாய் என்பதை ஒரு வாக்கியத்திற் சொல்லுக. சாட்சியின் தகுதி அதனால் விளங்கும். பின்னர் நீ கண்ணாற் கண்ட ஒரு காரியத்தைச் சொல்லுக, கேள்விப்பட்டதைச் சொல்லற்க. அவன் நாணத்தக்கதையும் அவள் கலங்கத்தக்கதையும் விலக்குக. மணமகளின் பெயரைச் சரியாக அறிந்துகொண்டு, அவளையும் சேர்த்து வாழ்த்துக. அவையில் முதியோர் பலர் பசியோடிருப்பர். ஆதலின் ஐந்து நிமிடத்துள் முடிக்குக. தமிழிற் பேசுக. ஆங்கிலம் பழுதன்று, எனினும் அவ்வவையில் உன் சொல் முதலிற் சென்று சேரவேண்டியது பெண்ணின் பாட்டியார் செவியை. 1847 ஆம் ஆண்டின் இறுதியில் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே நாவலர் பிரசங்கம் தொடங்கிய நாள்தொட்டு, அவை நடுவே நின்று தெளிந்த தமிழ் பேசும் மரபு நம் மண்ணுக்கு உண்டு. அதை மேடைகளுக்கு மாத்திரம் உரியதென ஒதுக்கி வைத்தல் தகாது.

இறுதியாக, வாழ்த்து ஒரு காவலாகிவிடாது என்பதையும் நினைவில் வைத்தல் நன்று. சிலப்பதிகாரத்தின் முதற் காதை மங்கல வாழ்த்துப் பாடலே. கோவலனும் கண்ணகியும் பிரியாதிருக்கவேண்டும், பற்றிய கை நெகிழாதிருக்கவேண்டும் என்று புகார் நகரத்து மகளிர் மலர் தூவி வாழ்த்தினர். அவ்வாழ்த்து உண்மை அன்பினால் எழுந்ததே. ஆயினும் கை நெகிழ்ந்தது, பிரிவும் வந்தது. சொல்லிவிட்டு விருந்துண்டு வீடு செல்வதனால் மாத்திரம் வாழ்த்துப் பலிப்பதில்லை என்பதை இளங்கோவடிகள் அக்காவியத்தின் தொடக்கத்திலேயே நமக்கு உணர்த்துகின்றார். நிச்சய அவையிலே நண்பனுக்காகச் சாட்சி சொன்னவன், அச்சாட்சியத்துக்குப் பின்னாளிலும் பொறுப்பாளி. அவன் வழுவும்போது இடித்துரைக்கவும், அவ்வில்லம் தளரும்போது தாங்கவும், அவள் முறையிடும்போது செவிகொடுக்கவும் அவன் கடமைப்பட்டவன்.

விழாக் காணும் இவ்வேளையில் பழைய மாணவர் பலர் ஒருவரையொருவர் புகழ்ந்து பேசுவோம். கல்லூரி அன்னையையும் புகழ்வோம். அப்புகழ்ச்சிக்கு அடிப்படையாக இருப்பது இங்கே வாங்கிலும் மைதானத்திலும் விடுதியிலும் நாம் ஒருவரையொருவர் உள்ளபடி அறிந்த அறிவே. கல்லூரி தரும் சான்றிதழ்களுள் அச்சிடப்படாத சான்றிதழ் அது. ஒரு பெண்ணின் வாழ்வு முடிவாகும் அவையிலே அதனை எடுத்து நீட்டும்போது, அதிலுள்ள ஒவ்வோர் எழுத்தும் மெய்யாயிருக்கக் கடவது. நண்பர் வாழ்க! அவரை நம்பி வரும் நங்கையர் வாழ்க!